அக்காவின் கையுறை

எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்தே எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர். யாராவது ஒரு கேள்வியை ஆரம்பித்தால் போதும், அவர்கள் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். பல் மருத்துவம் படித்து, தச்சநல்லூரில் சொந்தமாகக் கிளினிக் வைத்து, முப்பத்தோரு வயதான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. எம்.டி.எஸ். நுழைவுத் தேர்வுக்குப் படித்த நாட்களில் அதை ஒரு திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை எழுதி இடம் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவைக்குத் தயாரானபோது, என் அவசரத்தால் என்னோடு வேலை பார்த்த அக்காவின் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் இன்னும் வெட்கமாக இருக்கும்.

கிளினிக் மாடியில் இருக்கிறது. கீழே மோட்டார் பம்பு விற்கும் கடை. மதியம் ஒன்றரைக்கு மேல் நோயாளிகள் வரமாட்டார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாலரை மணி வரை படிப்போம். படிப்போம் என்று பன்மையில் சொல்வது சரிதான். பரீட்சை எழுதப் போவது நான் ஒருத்தி என்றாலும், படித்தது இரண்டு பேர்.

அக்கா என் உதவியாளர். என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். கிளினிக் திறந்த அன்று வேலைக்குச் சேர்ந்தவர். கருவிகளைக் கொதிக்க வைப்பது, போன் எடுப்பது, நான் பல் பிடுங்கும்போது பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். வீட்டுக்காரர் நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு காய்கறி மண்டியில் வேலை பார்க்கிறார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். இன்னும் படித்திருக்க வேண்டியவர் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

நாங்கள் படித்த முறை இது. காலையெல்லாம் குனிந்து குனிந்து என் இடுப்பு ஒடிந்துவிடும். அதனால் மதியம் நான் நோயாளியின் நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, கண்ணை மூடிப் படுத்துக்கொள்வேன். அக்கா என்னுடைய வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, வினா வங்கிப் புத்தகத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாக வாசிப்பார். நான் விடை சொல்வேன். தப்பென்றால் பென்சிலால் ஒரு சுழி போடுவார். ஆரம்பத்தில் எழுத்துக் கூட்டி வாசித்தவர், முதல் இரண்டு பரீட்சைகளுக்குள் நீளநீளமான நோய்ப் பெயர்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டார். அர்த்தம் கேட்பார். நேரம் இருந்தால் சொல்வேன். பெரும்பாலும் நேரம் இருக்காது.

பல் படித்தவர்களுக்குப் பொது மருத்துவம் என்பது பக்கத்து வீட்டுக் கல்யாணம் மாதிரி. கூப்பிட்டிருப்பார்கள், போயாக வேண்டும், ஆனால் பந்தியில் கடைசி இலைதான் கிடைக்கும். மூன்றாம் வருடம் எங்களைச் சில வாரங்கள் பெரியாஸ்பத்திரி வார்டுக்கு அனுப்பினார்கள். கட்டிலைச் சுற்றி மருத்துவ மாணவர்கள் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நாங்கள். நோயாளியின் கால் பெருவிரல் தெரிந்தால் அதிர்ஷ்டம். பேராசிரியரின் குரலை மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டு வருவோம். அதனால் எனக்குத் தெரிந்த நோய்களெல்லாம் இரண்டு மூன்று வார்த்தைகளால் ஆனவை. பிள்ளையின் கன்னத்துக்குள் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் என்றால் தட்டம்மை. ஈறில் நீலக்கோடு என்றால் ஈயம். உதட்டில் கறுப்புப் புள்ளிகள் என்றால் குடலைப் பார். பயிற்சி வகுப்பில் இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வார்த்தையைப் பிடி, விடையைக் குறி, அடுத்ததுக்குப் போ.

இதில் நான் கெட்டிக்காரி. அக்கா பாதி வரி வாசிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவேன்.

"ஏ யம்மா, முழுசாத்தான் வாசிக்க விடுங்களேன்" என்று அக்கா சிரிப்பார்.

"முழுசா வாசிச்சா நேரம் பத்தாதுக்கா" என்பேன்.

அந்தக் கேள்வி முதல் தடவை வந்தது ஆடி மாதம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அந்த வாரம் அக்காவும் வீட்டுக்காரரும் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் போய்வந்திருந்தார்கள். நடுவயதுப் பெண் ஒருத்தி, மோதிரமும் செருப்பும் சிறுத்துப் போயின என்று சொல்லி வருகிறாள் என்று தொடங்கும் கேள்வி. மோதிரம் என்ற வார்த்தையிலேயே நான் விடையைச் சொல்லிவிட்டேன். அக்ரோமெகலி. மூளைக்கு அடியில் உள்ள ஒரு சின்னச் சுரப்பியில் கட்டி வளர்ந்து, வளர்ச்சிக்கான ஹார்மோனை அளவுக்கு மேல் சுரக்கும். கையும் காலும் தாடையும் மெல்ல மெல்லப் பெரிதாகும்.

அக்கா அடுத்த கேள்விக்குப் போகவில்லை.

"டாக்டரம்மா, இந்த நோவு நம்ம பக்கத்து ஆளுகளுக்கெல்லாம் வருமா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. "எங்கனயாவது ஒருத்தருக்கு வரும்க்கா. பரீட்சத் தாள்லதான் அடிக்கடி வரும். சவத்த விட்டுட்டு அடுத்தத வாசிங்க."

அக்கா அடுத்ததை வாசித்தார்.

இனிச் சொல்லப் போவதெல்லாம் அந்த ஆடிக்கு முன்னும் பின்னுமாக என் கண்ணெதிரே நடந்தவை. எதையும் நான் பார்க்காமல் இல்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், எல்லாவற்றுக்கும் உடனே ஒரு பதிலும் சொன்னேன்.

முதலில் கையுறை. வேலைக்குச் சேர்ந்தபோது அக்காவுக்கு ஸ்மால் போதும். பிறகு மீடியம் கேட்டார். அப்புறம் மீடியமும் போட முடியாமல் விரல் இடுக்கில் கிழிந்தது. நான் கையுறை அனுப்பும் வியாபாரிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன்.

"அண்ணாச்சி, பெட்டி மேல மீடியம்னு போட்டுட்டு உள்ள சின்னத வச்சு அனுப்புதீங்களா?"

"கம்பெனிப் பெட்டிய நான் தொறந்தா பாக்கேன் டாக்டர்? இத்தன கிளினிக்குக்குப் போவுது. ஒங்ககிட்ட இருந்து மட்டுந்தான் இந்தப் புகார் வருது."

எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். அன்று மாலை அதே பெட்டியிலிருந்து எடுத்த கையுறை என் கைக்கு எப்போதும்போல் சரியாக இருந்தது. அதைப் பற்றி யோசிக்கவில்லை. அக்காவுக்கு லார்ஜ் வாங்கிப் போட்டேன், பிரச்சினை முடிந்தது.

அப்புறம் குரல். போனில் பேசுகிறவர்கள் அக்காவை ஆண் என்று நினைக்க ஆரம்பித்தார்கள். "அண்ணாச்சி, டாக்டர் இருக்காங்களா?" என்று கேட்பார்கள். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைவு. கொஞ்ச நாள் போனபின் நானே அவரைச் சில நேரம் அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் கேலி செய்திருக்கிறேன்.

இவற்றையாவது கவனிக்கவில்லை என்று விட்டுவிடலாம். பல்லை என்ன சொல்வது? அக்காவுக்குக் கீழ்த்தாடையில் முன்பல் இரண்டு ஏற்கனவே விழுந்திருந்தன. நான்தான் கழற்றி மாட்டும் சின்னப் பல் செட் ஒன்று செய்து கொடுத்தேன். முதலில் கச்சிதமாக இருந்தது. ஒரு வருடத்தில் ஆட ஆரம்பித்தது. மறுபடி அச்செடுத்துச் செய்தேன். அதுவும் ஆடியது. செட் செய்து தரும் லேப்காரரைத் திட்டினேன். மூன்றாவது அச்சு எடுக்கும்போது என் கை சரியில்லையோ என்றுகூட நினைத்தேன். மற்றப் பற்களுக்கு நடுவே புதிதாக இடைவெளி விழுந்திருந்தது. கீழ்வரிசை மேல்வரிசையைத் தாண்டி முன்னால் வந்திருந்தது. ஈறு நோய் என்று சீட்டில் எழுதி, பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினேன். தாடை வளர்கிறது என்று தோன்றவேயில்லை. என் இரண்டு விரல்களும் அந்த வாய்க்குள்தான் இருந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்வார்கள். நான் ஏட்டை வைத்துக்கொண்டு, கறிச்சட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு மணிமுத்தாறு அருவிக்குப் போனேன். அவருக்கு அடிக்கடி தலைவலி வந்துகொண்டிருந்தது. குளித்தால் சரியாகும் என்பது என் வைத்தியம். கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா திரும்பும்போது இடது பக்கம் நின்ற ஒரு பெண் மேல் முழு வேகத்தில் மோதிவிட்டார். அந்தப் பெண் வழுக்கி விழப் பார்த்தாள்.

"ஏட்டி, கண்ணு தெரியலையா ஒனக்கு?" என்று கத்தினாள்.

நான் சும்மா இருப்பேனா? "யாரப் பாத்து ஏட்டின்னு சொல்லுத? கூட்டத்துல மோதாம எப்படி நிக்கிறதாம்?" என்று அவளோடு மல்லுக்கு நின்றேன். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது நான் அவருக்காகச் சண்டை போட்ட பெருமையில் இருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெண் அன்றைக்கு நோயைச் சரியாகச் சொல்லிவிட்டாள். டாக்டராகிய நான் அவளோடு சண்டை போட்டேன்.

கிளினிக்கிலும் இடது கை பட்டு டிரே இரண்டு தடவை விழுந்தது. "பாத்து வாங்கக்கா, ஒங்க நெனப்பெல்லாம் எங்கன இருக்கு?" என்று கடிந்துகொண்டேன்.

இதற்கு நடுவில் அந்தக் கேள்வியை அக்கா இன்னொரு தடவை வாசித்தார். கார்த்திகை மாதமாக இருக்கலாம். விடையைச் சொன்னேன். தை பிறந்த பிறகு மூன்றாவது தடவையும் வாசித்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அக்ரோமெகலி. அக்கா, பக்கத்தப் பாத்து வாசிங்க. இது முடிஞ்சுபோன கேள்வி. வாசிச்சதையே வாசிச்சா எப்ப முடிக்க?"

"மறந்துட்டேன் டாக்டரம்மா" என்றார். பக்கம் புரளும் சத்தம் கேட்டது.

பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு மதியம் அக்கா பின்பக்கம் கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் பொது மருத்துவக் கைடை எடுத்து, சுரப்பிகள் பகுதியைத் தனியாகப் புரட்டினேன். அக்ரோமெகலி பக்கத்தில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. அக்காவின் எழுத்து. ஒவ்வொரு அறிகுறிக்கும் போனில் அர்த்தம் தேடி, தமிழில் பொடிப்பொடியாக எழுதி, பக்கத்தில் டிக் போட்டிருந்தார்.

மோதிரம் இறுகும் என்ற வரிக்கு எதிரே, "மெட்டி அறுத்தாச்சு." செருப்பு அளவு கூடும், "எட்டாம் நம்பர்." கைகள் பெரிதாகும், "கிளவுஸ்." பற்களுக்கு நடுவே இடைவெளி, "செட் மூணு தடவை." குரல் தடிக்கும் என்ற வரிக்கு எதிரே, "அண்ணாச்சி."

கடைசி வரி, கட்டி பெரிதானால் கண் நரம்பை அழுத்தி, இரண்டு பக்கவாட்டுப் பார்வையும் குறையும் என்பது. அதற்கு எதிரே முதலில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அப்புறம் அதை அடித்துவிட்டுப் பேனாவால் டிக் போட்டிருந்தார்.

நான் எழுந்து பின்பக்கம் போனேன். அக்கா குழாயடியில் நின்றார். அவருடைய இடது பக்கம் ஒரு முழத் தூரத்தில் போய் நின்றேன். அவர் திரும்பவில்லை. குழாயை மூடி, துணியை எடுக்கக் கை நீட்டியபோது என் மேல் பட்டுத் திடுக்கிட்டார்.

"எப்ப வந்தீங்க? நான் பாக்கலயே."

அன்றைக்குத்தான் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். புருவ எலும்பு துருத்தியிருந்தது. மூக்கு அகன்றிருந்தது. உதடு தடித்திருந்தது. கிளினிக் திறந்த அன்று பூத்தட்டோடு நின்ற பெண்ணின் முகம் அதற்குள் எங்கேயோ இருந்தது. தினமும் பார்க்கும் முகம் என்பதால் மாறியது தெரியவில்லை என்று பிற்பாடு பலர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். தினமும் பார்த்தவள் நான்தானே என்பதுதான் என் வேதனை.

அவரை உள்ளே கூட்டிவந்து எதிரெதிராக உட்கார்ந்தோம். "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லி, என் இரண்டு கைகளையும் அகல விரித்து, விரல்களை ஆட்டிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தேன்.

"விரல் தெரியுதா?"

"எங்கன?"

இன்னும் உள்ளே கொண்டுவந்தேன். "இப்ப?"

"இல்லயே."

அவருடைய வலது பக்கம் இருந்த கை என் தோளுக்கு நேரே வந்தபோது ஒரு விரல் தெரிகிறது என்றார். அவருடைய இடது பக்கம் அதற்கும் உள்ளே வரவேண்டியிருந்தது.

"எத்தன மாசமா இப்படி இருக்கு? ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று நான் கத்தினேன். உண்மையிலேயே கத்தினேன். குற்றம் செய்தவருக்குத்தான் முதலில் கோபம் வரும்போல.

"பரீட்ச முடியட்டும்னு பாத்தேன் டாக்டரம்மா. இன்னும் மூணு வாரந்தான. ரெண்டு தடவ போயிருச்சு, இந்தத் தடவயும் என்னால கெட்டுரக் கூடாதுல்லா."

நான் அழுதேன். அக்கா எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். டம்ளரை வைக்கும்போது பைய மேசையைத் தடவிப் பார்த்துத்தான் வைத்தார். அப்படி எத்தனை நாளாக வைக்கிறாரோ.

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப் போனேன். வீட்டுக்காரரும் வந்திருந்தார். அக்கா கதவைத் திறந்து உள்ளே வந்து உட்காருவதற்குள் அந்த மருத்துவரின் முகத்தில் தெரிந்துவிட்டது. அவர் வார்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படித்தவர். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் நோயை உறுதி செய்தன. கட்டி நெல்லிக்காய் அளவுக்கு இருந்தது. கண் மருத்துவர் அக்காவின் பார்வையைக் காகிதத்தில் படமாக எடுத்துக் கொடுத்தார். இரண்டு வட்டங்கள். இரண்டிலும் வெளிப்பக்கம் கறுப்பாக இருந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை, மூக்கு வழியாகவே செய்வார்கள் என்றார்கள்.

"பார்வை திரும்பக் கிடைக்குமா சார்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"எத்தனை நாளா நரம்பு அழுந்தியிருக்குங்கறதப் பொறுத்தது. சீக்கிரம் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார் கண் மருத்துவர்.

எத்தனை நாள் என்பது அந்த அறையில் எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். ஆடி அமாவாசையிலிருந்து மாசி வரை. வீட்டுக்காரர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒங்களாலதான் கண்டுபிடிச்சோம்மா" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. பிறகு ஒருநாள் சொன்னேன். அவர் நம்பவில்லை.

பரீட்சைக்கு நாலு நாள் முன்னால் அறுவை சிகிச்சை நடந்தது. நான் மதுரையில் இருந்தேன். மயக்கம் தெளிந்ததும், மூக்கில் பஞ்சோடு, அக்கா கேட்ட முதல் கேள்வி "நீங்க ஏன் இங்கன இருக்கீங்க? படிக்கலயா?" என்பது. திரும்பி வந்து எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒவ்வொரு கேள்வியையும் கடைசி வார்த்தை வரை வாசித்தேன். கடைசியில் பல கேள்விகளுக்கு நேரம் போதவில்லை. மோதிரம் சிறுத்துப்போன பெண் அந்தத் தாளில் வரவேயில்லை. இடமும் கிடைக்கவில்லை. முந்தைய இரண்டு தடவையும் அழுதவள் இந்தத் தடவை அழவில்லை.

ஆனி மாதம் அக்கா வேலைக்குத் திரும்பினார். கை வீக்கம் வடிந்திருந்தது. பெட்டியிலிருந்து மீடியம் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, விரல்களை விரித்து எனக்குக் காட்டினார். தாடை அப்படியேதான் இருக்கும், வளர்ந்த எலும்பு குறையாது. குரலும் அப்படியேதான். வலது பக்கப் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. இடது ஓரம் திரும்பவில்லை, இனித் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். டிரே மேசையை வலது பக்கத்துக்கு மாற்றிப் போட்டேன். போனில் யாரோ அண்ணாச்சி என்றார்கள். "அக்காதான் பேசுதேன், சொல்லுங்க" என்றார்.

அன்று மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்கா வினா வங்கிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "இந்த வருசமும் எழுதணும்லா" என்றார். நான் நாற்காலியில் சாயவில்லை. நிமிர்ந்து, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். மாதக்கணக்காகத் தொண்டையில் கிடந்ததை அப்போதுதான் கேட்டேன்.

"பரீட்சைக்காகன்னு சொன்னீங்க, சரி. ஆனா ஆடியிலயே ஒங்களுக்குச் சந்தேகம் வந்துருச்சுல்லா. அப்பவே ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லாக்கா?"

அக்கா புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, முகத்தைச் சற்றே இடது பக்கம் திருப்பி என்னைப் பார்த்தார். இப்போதெல்லாம் அவர் அப்படித்தான் பார்க்கிறார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"சொன்னேனே டாக்டரம்மா. மூணு தடவ வாசிச்சுக் காட்டினேன். மூணு தடவையும் நீங்க சரியாத்தான் சொன்னீங்க."